பழைய ஹேண்டிகேம் வாடகைக்கு: வண்ணாரப்பேட்டை கேமரா கடையும் எங்க பேய்ப்படமும்

வடசென்னைல ஷார்ட் ஃபிலிம் எடுக்கறவங்களுக்கு கேமரா வாடகைன்னா சாலிகிராமம், வடபழனி பக்கம்தான் போயாகணும்ங்கற நெலம ரொம்ப வருஷமா இருக்கு, காலைல போய் எடுத்துட்டு வந்து ராத்திரி திருப்பிக் குடுக்கறதுக்குள்ள பாதி பொழுது டிராஃபிக்லயே போயிடும். அதனாலதான் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு துணிக்கடைங்களுக்குப் பின்னாடி ஒரு சந்துல, மாடில இருக்கற இந்த வாடகைக் கடையப் பத்தி எழுதறேன். கடைப் பேரப் போடாதபான்னு ஓனர் அண்ணன் சொல்லிட்டாரு, ஆனா ஏரியால கல்யாண வீடியோ எடுக்கற யாரக் கேட்டாலும் வழி சொல்லிடுவாங்க. பேய்ப்படம், அதுலயும் ஃபவுண்ட் ஃபுட்டேஜ்னு சொல்றாங்களே, யாரோ எடுத்து வச்ச வீடியோ கெடச்சுது அதத்தான் இப்ப பாக்கறீங்கங்கற மாதிரி வர்ற படம், அத எடுக்கணும்னு இருக்கறவங்க மொதல்ல இங்க வந்து பேசிட்டுப் போங்க.

காரணம் கேமரா மட்டும் இல்ல. மிரர்லெஸ், கிம்பல், டிரோன்லாம் எல்லாக் கடைலயும் இருக்கு, இங்கயும் இருக்கு, ரேட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா இங்க ஒரு இரும்பு பீரோ நெறைய பழைய ஹேண்டிகேம் வச்சிருக்காரு, மினி டிவி (DV, டெலிவிஷன் இல்ல) டேப்புன்னு சின்ன டேப் போட்டு ஓட்டறது, அதுக்கும் முந்தின ஹை 8 டேப் கேமரா கூட ரெண்டு மூணு இருக்கு, எல்லாம் அவரு கல்யாண வீடியோ எடுத்த காலத்துல பர்மா பஜார்ல வாங்கினது. தூக்கிப் போடாம ஹெட் க்ளீன் பண்ணி, ரப்பர் மாத்தி, பேட்டரிக்கு செல் மாத்தி ஓடற கண்டிஷன்ல வச்சிருக்காரு. நாள் வாடகை 500 ரூபா, டேப்புக்கு தனிக் காசு, அட்வான்ஸ் 3000, ஆதார் காப்பி ஒண்ணு. டேப்ல இருக்கறத ஹார்ட் டிஸ்க்குக்கு ஏத்தறதுக்கு ஃபயர்வயர் போர்ட் இருக்கற பழைய கம்ப்யூட்டர் வேணும், இப்ப வர்ற லேப்டாப் எதுலயும் அது கெடையாது, அதுக்கும் அவரே ஒரு மெஷின் வச்சிருக்காரு, டேப் ஒண்ணுக்கு 200 ரூபா. ஒரு மணி நேர டேப் ஏத்த முழுசா ஒரு மணி நேரம் ஆகும், அத மனசுல வச்சு நாள் பிளான் பண்ணுங்க.

எங்க கதை சுருக்கமா சொல்லிடறேன், இல்லன்னா மத்தது புரியாது. காசிமேட்டுல மீன்பிடி தடைக்காலத்துல லாஞ்செல்லாம் வரிசையா கட்டிக் கெடக்கும் இல்லையா, அதுல ஒரு லாஞ்சுல ராத்திரி காவலுக்குப் படுக்கற ரெண்டு பசங்க, அதுல ஒருத்தன் பொழுது போகாம வீடியோ எடுத்துக்கினு இருக்கான், அப்புறம் என்ன ஆச்சுங்கறதுதான் படம். இந்தக் கதைய சொல்லி கேமரா கேட்டப்ப அண்ணன் கேட்ட மொதல் கேள்வி, "போன் கையில இருக்கறப்ப எவன்பா ஹேண்டிகேம்ல எடுப்பான்?" இந்த ஒரு கேள்விக்கு பதில் இல்லாம எடுக்கப்பட்ட ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படம் எத்தனையோ பாத்திருக்கேன், பேய் தொரத்தறப்பயும் கேமராவ கீழ போடாம ஓடிக்கினே இருப்பானுங்க, ஏன்னு படத்துல யாருக்கும் தெரியாது, பாக்கற நமக்கும் தெரியாது. நல்லா எடுத்தவங்க எல்லாரும் அந்த ஏன்ங்கறத மொதல்லயே முடிச்சிட்டாங்க. பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்ங்கற அமெரிக்கப் படத்துல மூணு பேர் ஒரு சூனியக்காரி கதையப் பத்தி டாக்குமெண்டரி எடுக்க காட்டுக்குள்ள போறாங்க. ஸ்பெயின்ல 2007ல வந்த ரெக் படத்துல டிவி நிருபர் தீயணைப்பு வண்டியோட போறா, கேமரா ஓடறதுதான் அவ வேலை. பாராநார்மல் ஆக்டிவிட்டில ராத்திரி வீட்டுல என்ன நடக்குதுன்னு பாக்கவே பெட்ரூம்ல ஸ்டாண்ட் போட்டு வச்சிட்டுத் தூங்கறாங்க. அதனால நாங்க கதைய 2006க்குத் தள்ளினோம், மாமா கல்ஃப்ல இருந்து கொண்டு வந்த ஹேண்டிகேம், அக்கா பையன் கையில கெடச்சா அவன் எடுக்காம இருப்பானா. காசிமேட்டுல ஒரு பெரியவர் உடனே சொன்னாரு, தம்பி 2006லன்னா தடை 45 நாள்தான், 2017க்கு அப்புறம்தான் 61 நாள் ஆச்சு, வசனத்துல மாத்திக்கோன்னு. இப்படி ஒரு விஷயம் அந்த ஊர்க்காரங்க கண்ணுல தப்பாப் பட்டா அப்புறம் பேய நம்ப மாட்டாங்க.

கேமரா எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும் இல்லையா. பிக்சர் குவாலிட்டின்னு தேடாதீங்க, 720க்கு 576 பிக்சல், பழைய டிவி மாதிரி 4க்கு 3 ஃப்ரேம், அசையற எடத்துல சீப்புப் பல்லு மாதிரி இன்டர்லேஸ் கோடு தெரியும், வெளிச்சம் கொறஞ்சா புள்ளி புள்ளியா கொதிக்கும். இதெல்லாம் இப்ப எடுத்த 4கே வீடியோல எடிட்டிங்ல ஃபில்டர் போட்டு கொண்டு வரலாம்னு நெறைய பேர் சொல்றாங்க, நானும் ரெண்டயும் பக்கத்துல வச்சுப் பாத்தேன், வராது. ஃபில்டர்ல புள்ளி எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி விழும், நெசக் கேமராவுல நெழல் பக்கம் ஒரு மாதிரி, லைட் பக்கம் ஒரு மாதிரி, ஆட்டோ ஃபோகஸ் இருட்டுல எதையோ தேடிக்கினு முன்ன பின்ன போகும், அந்தத் தேடற நேரத்துல பாக்கறவனும் கூடவே தேடறான், பயம் அங்கதான் வருது. நைட் ஷாட் சுவிட்ச் இருக்கு பாருங்க, இன்ஃப்ராரெட்ல பச்சையா தெரியறது, அது எங்களுக்கு ஒரு பெரிய பிரச்சினைய தீத்து வச்சிது, ஏன்னா இப்ப ஹார்பர் முழுக்க வெள்ளை எல்இடி லைட்டு, 2006ல மஞ்ச சோடியம் லைட்டு, கலர்ல எடுத்தா காலம் காட்டிக் குடுத்துடும், பச்சைல எல்லாம் ஒண்ணுதான்.

ஆனா அண்ணன் கடையோட நெசமான மதிப்பு சவுண்டுல இருக்கு. ஹேண்டிகேமுக்கு 500 வாங்கறவரு, ஒரு சவுண்டு ரெக்கார்டரும் சட்டைல குத்தற ரெண்டு லேப்பல் மைக்கும் 600 ரூபாய்க்கு எடுத்துக்கோன்னு வற்புறுத்தினாரு, நாங்க பட்ஜெட் இல்லன்னோம், அப்படின்னா கேமராவையும் எடுக்காதன்னு சொல்லிட்டாரு. வியாபாரத்துக்குச் சொல்லல. பிளேர் விட்ச்சுல கடைசி வரைக்கும் சூனியக்காரிய காட்டவே இல்ல, ராத்திரி டென்ட்டுக்கு வெளிய டைரக்டருங்களே சுத்தி சுத்தி வந்து சத்தம் கெளப்பி, கொழந்தைங்க கொரல டேப்ல ஓட விட்டு, உள்ள இருக்கற நடிகருங்களுக்கு என்ன வரப்போகுதுன்னு சொல்லாம எடுத்திருக்காங்க. 1997 அக்டோபர்ல மேரிலாந்து காட்டுல 8 நாள் ஷூட், கேமராவ பிடிச்சது நடிகருங்களே, ஜிபிஎஸ் கையில குடுத்து இந்த எடத்துக்குப் போ, அங்க உனக்கு ஒரு சீட்டு இருக்கும்னு வச்சு, போகப் போக சாப்பாடும் கொறச்சிக்கிட்டே வந்தாங்க. அதுல வர்ற பயம் முழுக்க காது வழியா வர்றது. படம் கலங்கலா இருந்தா ஜனங்க ஏத்துக்குவாங்க, டேப்புல எடுத்தது அப்படித்தான் இருக்கும்னு, ஆனா பேசறது கேக்கலன்னா எழுந்து போயிடுவாங்க, இத அண்ணன் கல்யாண வீடியோ வச்சே சொன்னாரு, தாலி கட்டறது கொஞ்சம் ஷேக் ஆனா எவனும் கேக்க மாட்டான், கெட்டிமேளம் விட்டுப்போச்சுன்னா பேமென்ட்ட நிறுத்திடுவான்னு.

நம்ம ஏரியாவுக்கு ஒரு வரம் இருக்கு, ராத்திரி சத்தம். கொருக்குப்பேட்டை யார்டுல கூட்ஸ் வண்டி பெட்டி ஒண்ணோட ஒண்ணு இடிக்கற சத்தம், எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி, தூரத்துல கப்பல் ஹாரன், கட்டின லாஞ்சுங்க அலைல ஒண்ணோட ஒண்ணு ஒரசறப்ப வர்ற முனகல். இதுல கடைசியா சொன்னத ரெக்கார்டர லாஞ்சோட மரப்பலகை மேலயே வச்சு பிடிச்சோம், அதுக்கு மேல எந்த பேய் மியூசிக்கும் நாங்க போடல, போட்டிருந்தா படம் செத்திருக்கும்.

கொறை இல்லாத கடை இல்ல. லேப்பல் மைக்குல ஒண்ணு பேட்டரி சீக்கிரம் எறங்கிடுது, எடுக்கறப்பவே முழுசா ஓட விட்டுப் பாருங்க. மழை கவர் கெடையாது. உப்புக் காத்துக்கு கேமரா போறதுன்னா அட்வான்ஸ் கூட கேக்கறாரு, திருப்பிக் குடுத்ததும் ஒவ்வொரு பட்டனா அழுத்திப் பாத்துட்டுதான் காச எண்ணுவாரு, அவசரத்துல இருந்தா கடுப்பா இருக்கும், ஆனா அந்தக் கேமராவுக்கு உதிரி பாகம் இனிமே எங்கயும் கெடைக்காதுன்னு நெனச்சா நியாயம்தான். எல்லாத்த விட பெரிய சிக்கல் தேதி. தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், அதாவது சித்திரை வைகாசி, அப்பதான் முகூர்த்தமும் குமியும், ரெக்கார்டர், லைட்டு, கூட வர்ற அசிஸ்டன்ட் பையன் வரைக்கும் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிடும். ஹேண்டிகேம கல்யாணக்காரங்க யாரும் தொடறது இல்ல, அது கெடச்சிடும், மத்தத முன்கூட்டியே சொல்லி வைக்கணும். ஆடியிலயும் மார்கழியிலயும் போனீங்கன்னா எல்லாம் சும்மா இருக்கும், ரேட்டும் கொறச்சுப் போடறாரு.

இப்ப மார்க்கெட்டிங். இதுக்காகத்தான் உண்மைல எழுத ஆரம்பிச்சேன். இந்த வகைப் படம் எடுக்கற எல்லாருக்கும் மண்டைக்குள்ள ஒரு கணக்கு ஓடும். பாராநார்மல் ஆக்டிவிட்டி, ஓரன் பெலிங்கறவரு சான் டியேகோல தன் சொந்த வீட்டுலயே 15,000 டாலர்ல எடுத்தது, உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல வசூல். பிளேர் விட்ச்ச 1999 ஜனவரில சன்டான்ஸ் பட விழாவுல பாத்துட்டு ஆர்டிசான் கம்பெனி 11 லட்சம் டாலருக்கு வாங்கி, வசூல் 24 கோடி டாலரத் தாண்டுச்சு. இந்த நம்பர் ரெண்டையும் வச்சுக்கிட்டு கனவு காணறோம், ஆனா நடுவுல என்ன நடந்துச்சுன்னு பாக்கறது இல்ல. பெலி படம் 2007ல விழாவுக்குப் போய் 2009 வரைக்கும் தியேட்டருக்கு வரல. வந்தப்பவும் மொதல்ல 13 காலேஜ் ஊர்ல நள்ளிரவு ஷோ, அப்புறம் உங்க ஊருக்கு வேணும்னா ஆன்லைன்ல ஓட்டுப் போடுங்கன்னு கேட்டு, 10 லட்சம் ஓட்டு வந்தா நாடு முழுக்கன்னு சொல்லி, அது வந்துடுச்சு. ட்ரெய்லர்ல படத்த விட அதிகமா காட்டினது தியேட்டர் இருட்டுல உக்காந்து அலர்ற ஜனங்க மூஞ்சிய. பக்கத்துல இருக்கறவன் பயப்படறதப் பாத்தா நமக்கும் பாக்கணும்னு தோணுது, இது காசு செலவில்லாம யாரும் பண்ணக்கூடிய வேலை.

பிளேர் விட்ச் பண்ணது வேற. சூனியக்காரி கதைக்கு ஒரு வெப்சைட்டு, போலீஸ் ரிப்போர்ட் மாதிரி காகிதம், காணாமல் போனவங்கன்னு நடிகருங்க மூஞ்சி போட்ட போஸ்டர், நடிகருங்க சொந்தப் பேருலயே பாத்திரம், சினிமா தகவல் சைட்டான ஐஎம்டிபில அவங்க இறந்திருக்கலாம்னு போட்டாங்க. அதுல நடிச்ச ஹெதர் டோனஹ்யூவோட அம்மாவுக்கு துக்கம் விசாரிச்சு கார்டு வந்துச்சு. அதுக்கும் முன்னாடி 1980ல கேனிபல் ஹோலோகாஸ்ட்ங்கற படத்த எடுத்த டைரக்டர் டியோடாட்டோ நடிகருங்கள வெளிய தலைகாட்டக் கூடாதுன்னு ஒப்பந்தம் போட்டு வச்சதுல, கொலை பண்ணிட்டாரோன்னு இத்தாலில கேஸ் ஆகி, அவங்க உயிரோட இருக்காங்கன்னு நிரூபிக்க வேண்டியதாப் போச்சு. பிளேர் விட்ச் நடிகருங்க மூணு பேரும் 2024ல கூட, அந்தப் படத்தோட உரிமைய வச்சிருக்கற லயன்ஸ்கேட் கம்பெனிக்கு பகிரங்கமா கடிதம் எழுதினாங்க, எங்க பேரையும் மூஞ்சியையும் வச்சு சம்பாதிச்சதுல எங்களுக்குச் சேர வேண்டியத குடுங்கன்னு. இந்தப் பக்கத்த யாரும் ஃபிலிம் வொர்க்‌ஷாப்ல சொல்லித் தர்றது இல்ல.

எங்க டீம்லயும் காணவில்லை போஸ்டர் அடிக்கலாம்னு பேச்சு வந்துச்சு, ரெண்டு பசங்க போட்டோ, லாஞ்சு நம்பர், காசிமேட்டுல இருந்து திருவொற்றியூர் வரைக்கும் ஒட்டினா ஒரே ராத்திரில பரவிடும்னு. டேப் வாங்கப் போன எடத்துல இத அண்ணன் காதுல போட்டோம். அவரு கைவேலைய நிறுத்திட்டு சொன்னாரு, "தம்பி, அந்தத் தெருவுல கடலுக்குப் போயி திரும்பி வராதவன் வீடு நெசமாவே இருக்குபா. இன்னும் போட்டோக்கு மாலை போடாம வச்சிருக்காங்க. நீ போஸ்டர் ஒட்டினா அந்தம்மா எறங்கி வந்து படிப்பாங்க, அது யாருன்னு பாக்க." அதுக்கு மேல எங்கள்ல யாரும் அந்தப் போஸ்டரப் பத்திப் பேசல. மேரிலாந்து காட்டுல இல்லாத ஊர்க்கதைய உருவாக்கலாம், காசிமேட்டுல காணாம போறதுங்கறது கதை இல்ல. வடசென்னைல இந்த மாதிரி படம் எடுக்கற எல்லாருக்கும் இத கையப் பிடிச்சு சொல்லணும்னு தோணுது, நம்ம ஊர் துக்கத்த விளம்பரமாக்காதீங்க, நெசமான எடத்தோட பேரப் போட்டு பேய் இருக்குன்னு வதந்தி கெளப்பாதீங்க, நாளைக்கு அங்க தூங்கப் போறவன் உங்க பக்கத்து வீட்டுக்காரன்.

அப்ப என்ன பண்ணோம்? கடைக்கு மேல ஒரு ஹால் இருக்கு, கல்யாண வீடியோ கத்துக்க வர்ற பசங்களுக்கு அண்ணன் கிளாஸ் எடுக்கற எடம், வார நாள்ல சாயங்காலம் அத சும்மா குடுத்தாரு, ப்ரொஜெக்டருக்கு மட்டும் வாடகை. காசிமேட்டு ஆளுங்க, லாஞ்சு குடுத்த ஓனர் குடும்பம், பெரம்பூர்ல இருந்து காலேஜ் பசங்க எல்லாரையும் கூப்பிட்டு ரஃப் கட், அதாவது எடிட்டிங் முழுசா முடியாத படத்த போட்டுக் காட்டி, முன்கூட்டியே எல்லார் கிட்டயும் கேட்டுட்டு அதே ஹேண்டிகேம் நைட் ஷாட்ல அவங்க மூஞ்சிய எடுத்தோம். லாஞ்சுல வேலை பாக்கற ஒரு அக்கா பையன், ஐஸ் அறை கதவு திறக்கற எடத்துல பக்கத்துல இருந்தவன் சட்டைய இழுத்துப் பிடிச்சான், அது 20 செகண்டு ரீலா போச்சு, எங்களுக்கு அதான் ட்ரெய்லர். நடிகருங்க பேரு ரீல்லயே போட்டோம், அவனுங்களே ஷேர் பண்ணானுங்க, மூடி மறைக்க ஒண்ணும் இல்லாததால மூணு ஏரியால இருந்து ஸ்க்ரீனிங் கேட்டு கூப்பிட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், ஹேண்டிகேமே வேணும்னு இல்ல. 2020 லாக்டவுன்ல ராப் சாவேஜ் எடுத்த ஹோஸ்ட்ங்கற பேய்ப்படம் முழுக்க ஜூம் கால்ல நடக்கறது, நடிகருங்க அவங்கவங்க வீட்டுல அவங்களே லைட்டு வச்சு எடுத்தது, யோசனைல இருந்து ரிலீஸ் வரைக்கும் 12 வாரம்தான். நம்ம பக்கம் 2025ல தமிழோட மொதல் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் பேய்ப்படம்னு விளம்பரத்தோட மர்மர் வந்துச்சு, யூடியூப் பண்ற பசங்க காட்டுக்குள்ள போற கதை. அது வந்ததுக்கு அப்புறம் பீரோவ திறக்கச் சொல்லிக் கேக்கற பசங்க அதிகமாயிட்டாங்கன்னு அண்ணன் சொல்றாரு. உங்க கதைல இருக்கறவன் கையில இன்னிக்கு போன்தான் இருக்கும்னா போன்லயே எடுங்க, அதுக்கும் இங்க வந்து மைக்க மட்டும் வாடகைக்கு எடுத்துட்டுப் போங்க, அண்ணன் கோச்சுக்க மாட்டாரு, அதத்தான் அவரு விரும்பறாரு.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். கேமரா மட்டும் குடுங்கன்னு கேக்காதீங்க, கதைய சொல்லுங்க, கேள்வி கேப்பாரு, அந்தக் கேள்விக்கு தனிக் காசு கெடையாது. புது டேப் இப்ப கெடைக்கறது கஷ்டம், பழைய டேப்ல மேல எடுத்தா நடுவுல கட்டம் கட்டமா ஒடையும், அதனால உங்க வீட்டு பரண்ல சீல் பிரிக்காத மினி டிவி டேப் எதுனா இருந்தா எடுத்துட்டுப் போங்க, ஹார்பர்ல எடுக்கறதா இருந்தா அனுமதி யார் கிட்ட வாங்கணும்னு அங்க சங்கத்துல மொதல்லயே கேட்டுக்கோங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல கடை கெடையாது, சனிக்கிழமை ராத்திரியே எடுத்து வச்சுக்கோங்க.